தனிப்பந்தியும் கால்பங்கும்

தனியார் பள்ளிக்கூடத்து நிர்வாகிகளை எங்கே கண்டாலும் "எங்கள் பள்ளியில் வித்தியாசமே கிடையாது, எல்லாக் குழந்தைகளும் ஒன்றுதான்" என்கிறார்கள். மிக்க சந்தோஷம். ஆனால் அந்த "எல்லாக் குழந்தைகளும்" யார் யார் என்று கேட்டால்தான் சங்கடம் வந்துவிடுகின்றது. வாசற்படியிலேயே ஏழையையும் தாழ்த்தப்பட்டவனையும் சம்பளத்தைக் காட்டி வடிகட்டிவிட்டு, உள்ளே வந்தவர்களுக்குள் வித்தியாசமில்லை என்பது, அக்கிரகாரத்துக்குள் தீண்டாமையே இல்லை என்பது போன்றதே ஒழிய வேறல்ல.

இந்த வடிகட்டலுக்காகத்தான் 2009ஆம் ஆண்டில் கட்டாயக் கல்விச் சட்டம் வந்தது. தனியார் பள்ளிகள் ஆரம்ப வகுப்பில் 100க்கு 25 இடமாவது அக்கம்பக்கத்து ஏழை, பிற்படுத்தப்பட்ட, தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்குக் கொடுத்து, எட்டாம் வகுப்பு வரை இலவசமாய்ப் படிப்பிக்க வேண்டும். குழந்தையையோ பெற்றோரையோ பரீட்சை செய்து பொறுக்கக் கூடாது என்பது அதன் விதி. உடனே சில பள்ளிக்காரர்கள் சுப்ரீம் கோர்ட்டுக்கு ஓடினார்கள். சிறுபான்மையோர் பள்ளிகளுக்கு விலக்குக் கிடைத்ததே தவிர, 2012 ஏப்ரலில் சட்டம் செல்லும் என்றுதான் தீர்ப்பாயிற்று.

கோர்ட்டில் தோற்றவர்கள் வகுப்பறையில் ஜெயிக்கப் பார்க்கிறார்கள். இப்பிள்ளைகளைத் தனியாக உட்கார வைக்கக் கூடாது, வேறிடத்திலோ வேறு நேரத்திலோ பாடம் நடத்தக் கூடாது, புத்தகத்திலும் உடையிலும் விளையாட்டிலும் பேதம் காட்டக் கூடாது என்று 2010ஆம் வருஷத்து மத்திய விதிகளில் எழுத வேண்டியிருந்தது. நம் பள்ளிக்கூடங்களின் யோக்கியதையை எழுதினவர்கள் நன்றாய் அறிந்திருந்தார்கள் போலும்! 2012இல் பெங்களூரில் ஒரு பள்ளியில், இலவசப் பிள்ளைகளை அடையாளம் காணத் தலைமயிரில் ஒரு கொத்தைக் கத்தரித்துவிட்டார்கள் என்று பெற்றோர் முறையிட்டதாகப் பத்திரிகைகளில் வந்தது. பள்ளிக்கூடத்தார் மறுத்தார்கள். ஒரு காலத்தில் குடுமி வைத்து மேல்ஜாதியை அடையாளம் காட்டினார்கள்; இப்போது மயிரைக் கத்தரித்துக் கீழ்ஜாதியை அடையாளம் காட்டுகிறார்கள் என்று சந்தேகப்படும்படி நம் நாட்டு நிலைமை இருக்கின்றதல்லவா?

இவர்கள் சொல்லும் சமாதானம் நமக்குப் புதிதல்ல. 1922ஆம் வருஷம் வ. வே. சு. அய்யர் ஆரம்பித்துச் சேரமாதேவியில் நடத்திய குருகுலத்திற்குப் பார்ப்பனரல்லாதார் பணமும் போயிற்று. காங்கிரஸ் பணம் 5,000 ரூபாயும் போயிற்று. பந்தி மாத்திரம் ஒன்றாகவில்லை. இரண்டு பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிச் சாப்பாடு. ஏனென்று கேட்டால் "பெற்றோர் விருப்பம்" என்றார்கள். 1925இல் இதைக் கேட்டு டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் ஈ. வெ. ராமசாமியும் கிளப்பிய கலகத்தில் காங்கிரசே ஆட்டங்கண்டது. இன்றைக்கும் அதே பதில்தான்: "கட்டணம் கட்டும் பெற்றோர் விரும்பவில்லை." பெற்றோர் விருப்பம் என்பது பணம் கட்டுகிறவனுக்கு மாத்திரம் உண்டாகும் வியாதியா? கூலிக்காரன் பெற்றோர் இல்லையா?

"ஏழைக் குழந்தை பணக்காரக் குழந்தையைப் பார்த்து மனம் நொந்துபோகும்" என்று வேறு கண்ணீர் விடுகிறார்கள். குழந்தைகள் முதல் நாளே கைகோத்துக்கொண்டு விளையாடப் போய்விடுகின்றன. நொந்துபோவது கார் வைத்திருக்கும் தகப்பன்தான்.

நிற்க, பணத்தைப் பற்றிய புகாரில் நியாயம் இல்லாமலில்லை. படிப்புச் சம்பளத்தைத் திருப்பித் தரவேண்டிய சர்க்கார் காலத்தில் தருவதில்லை. 2025இல் மத்திய சர்க்கார் பணம் விடவில்லை என்று, தமிழ்நாட்டில் ஜூனில் முடிய வேண்டிய பிரவேசம் அக்டோபர் வரை இழுத்தது. அதற்குள் கடன் வாங்கிச் சம்பளம் கட்டிய ஏழைகள் எத்தனையோ பேர். டில்லிக்கும் சென்னைக்கும் வழக்கென்றால் அவர்கள் தீர்த்துக்கொள்ளட்டும். பள்ளிக்காரர்களும் பாக்கிக்காகச் சர்க்காரோடு சண்டை போடட்டும். நாமும் கூட நிற்போம். அதற்காக ஐந்து வயதுக் குழந்தையை ஈடு பிடிப்பானேன்? இலவசம் என்று சேர்த்துக்கொண்டு, புத்தகம், உடை, வண்டி, விழா என்று ஆயிரமாயிரமாய் வாங்குவானேன்?

ஆகவே, தோழர்களே, அடுத்த பிரவேச காலத்தில் உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து வாசலுக்குப் போங்கள். கால்பங்கு இடம் எத்தனை, யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று பலகையில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். பிறகு மத்தியான வேளையில் ஒரு நாள் போய், அந்தப் பிள்ளைகள் யார் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று பார்த்துவிட்டு வாருங்கள்.