கரையில் அமர்ந்த தோழி

"அந்தப் பெட்டி நனைந்தால் என்ன ஆகும்?" என்று கேட்டார் நீச்சல் பயிற்சியாளர். எங்கள் தோழி பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், "வேண்டாம்மா, நீ கரையிலேயே உட்கார்ந்து பார்" என்று அவரே முடித்தும் விட்டார். சென்ற மே மாதம், ஒன்பதாம் வகுப்புத் தேர்வு முடிந்த விடுமுறையில் நடந்தது இது. நகரத்து நீச்சல் குளம் ஒன்றில் இருபது நாள் பயிற்சிக்கு எங்கள் வகுப்பிலிருந்து ஆறு பேர் பணம் கட்டியிருந்தோம். ஐந்து பேர் நீரில் இறங்கினோம். ஆறாமவள் எங்கள் துண்டுகளையும் செருப்புகளையும் காவல் காத்துக்கொண்டு கரையில் அமர்ந்திருந்தாள்.

அவளுடைய இசைவு பெற்றே இதை எழுதுகிறோம். பெயரைப் போட வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. அவளுடைய அம்மா சொன்னார்கள். ஏன் சொன்னார்கள் என்பதைப் பின்னர் கூறுவோம்.

எங்கள் தோழிக்கு ஏழாம் வகுப்பு முதல் நீரிழிவு நோய். உடனே, "சின்ன வயதில் நிறைய மிட்டாய் தின்றிருப்பாள்" என்று சொல்பவர்கள் உண்டு. நாங்களும் சொன்னவர்கள்தாம். அது முற்றிலும் தவறு என்று எங்கள் உயிரியல் ஆசிரியை விளக்கிய பிறகே வாயை மூடினோம். தாத்தா பாட்டிமாருக்கு வரும் சர்க்கரை வியாதி வேறு, இது வேறு. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே வழி தவறிப்போய், கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. இதற்கு முதல் வகை நீரிழிவு என்று பெயர். மாத்திரையாலோ பாகற்காய்ச் சாற்றாலோ தீராது. வெளியிலிருந்து இன்சுலின் செலுத்தினால்தான் உயிர் தங்கும்.

ஒரு காலத்தில் அந்த வழியும் இல்லை. கனடா நாட்டின் டொராண்டோ நகரில் 1921-ஆம் ஆண்டு பான்டிங், பெஸ்ட் என்ற இருவர் மக்லியாடின் ஆய்வுக்கூடத்தில் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். காலிப் என்பவர் அதைத் தூய்மை செய்தார். 1922 ஜனவரியில் முதன்முதலாக அந்த ஊசியைப் பெற்றவன் லெனார்டு தாம்சன் என்னும் பதினான்கு வயதுச் சிறுவன். எங்களைவிட ஒரு வயது இளையவன்! பட்டினிச் சிகிச்சையால் எலும்பும் தோலுமாய்க் கிடந்தவன், அதன்பின் பதின்மூன்று ஆண்டுகள் வாழ்ந்தான். பான்டிங் பிறந்த நாளாகிய நவம்பர் 14-ஐ உலக நீரிழிவு நாளாகக் கொண்டாடுகிறார்கள். நமக்கு அன்று குழந்தைகள் தினம். ஆண்டுதோறும் அன்று மிட்டாய் கொடுக்கும்போது எங்கள் தோழி, "இரண்டு விழாவும் எனக்குத்தான்" என்று சொல்லி ஒன்றை வாயிலும் ஒன்றைப் பையிலும் போட்டுக்கொள்வாள்.

இனி அந்தப் பெட்டிக்கு வருவோம். அதுதான் இன்சுலின் பம்ப். 1960-களில் முதன்முதல் செய்து பார்த்த பம்ப் முதுகில் சுமக்கும் மூட்டையளவு இருந்ததாம். இன்று சிறிய கைப்பேசியளவில் இடுப்பில் செருகிக்கொள்ளலாம். அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வந்து வயிற்றுத் தோலுக்கு அடியில் முடிகிறது. இரவு பகலாகச் சொட்டுச் சொட்டாக இன்சுலின் உள்ளே போகிறது. சாப்பிடும் நேரத்தில் பொத்தானை அழுத்தினால் கூடுதலாகப் போகிறது. இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை தோலில் உள்ள முனையை மாற்ற வேண்டும். விலையோ சில லட்சம். அவள் அப்பா ஊரில் இருந்த நிலத்தில் ஒரு பகுதியை விற்றுத்தான் வாங்கினார்.

இந்தப் பம்போடு நீந்த முடியுமா? முடியும். சில வகைப் பம்புகள் இத்தனை மீட்டர் ஆழத்தில் இத்தனை நேரம் நீர் புகாது என்று சோதிக்கப்பட்டவை. ஆனால் ஒருமுறை கீழே விழுந்து கீறல் விட்டால் அந்த உறுதி போய்விடும். ஆகவே நீந்தும் நேரத்துக்குக் கழற்றி வைத்துவிடு என்பது அவளுடைய டாக்டரின் கட்டளை. குழாயை மட்டும் கழற்றி, தோலில் இருக்கும் முனைக்குச் சிறு மூடி போட்டுக்கொள்ள வேண்டும். கழற்றிய பம்பை வெயிலில் வைத்தல் ஆகாது; சூட்டில் இன்சுலின் கெட்டுவிடும். ஒரு மணி நேரத்துக்கு மேல் கழற்றியே இருக்கவும் கூடாது. ஏனென்றால், பம்பில் இருப்பது சீக்கிரம் வேலை செய்து சீக்கிரம் தீர்ந்துபோகும் இன்சுலின். சொட்டு நின்று சில மணி நேரம் ஆனால் உடம்பில் இன்சுலினே இல்லாமற் போய், கொழுப்பு எரிந்து, கீட்டோன் என்னும் அமிலம் இரத்தத்தில் சேரத் தொடங்கும். அது உயிருக்கு ஆபத்து.

மற்றோர் ஆபத்து இதற்கு நேர் எதிரானது. நீந்தும்போது தசைகள் சர்க்கரையை வேகமாகச் செலவழிக்கின்றன. ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 70 மில்லிகிராமுக்குக் கீழே சர்க்கரை இறங்கினால் கை நடுங்கும், வியர்க்கும், தலை சுற்றும். தரையில் என்றால் பக்கத்தில் இருப்பவள் கண்டுகொள்வாள். தண்ணீருக்குள் வியர்வை தெரியுமா? களைப்பையும் மயக்கத்தையும் பிரித்தறிய முடியுமா? சர்க்கரையைக் காட்டும் சென்சாரைக் கையில் ஒட்டியிருந்தாலும், அதன் செய்தி தண்ணீரைக் கடந்து கைப்பேசிக்கு வருவதில்லை. ஆகையால் இறங்குமுன் அளந்து பார்க்க வேண்டும். 90-க்குக் கீழே இருந்தால் முதலில் ஏதாவது சாப்பிட வேண்டும். 250-க்கு மேல் ஏறிக் கீட்டோனும் இருந்தால் அன்று குளமே வேண்டாம். அரை மணிக்கு ஒருமுறை கரையேறி மறுபடி அளக்க வேண்டும். தனியாக நீந்தவே கூடாது. வீட்டுக்கு வந்த பிறகும் நள்ளிரவில் சர்க்கரை இறங்கக் கூடும் என்பதால், படுக்குமுன்னும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

படிக்கும்போதே தலை சுற்றுகிறதல்லவா? பயிற்சியாளருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். அவரைக் குறை கூற நாங்கள் எழுதவில்லை. ஆழமான தண்ணீர், முப்பது பிள்ளைகள், ஒரே ஒரு விசில். ஏதேனும் நடந்துவிட்டால் போலீசுக்கும் பெற்றோருக்கும் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தாம். பயப்படுவது நியாயமே. ஆனால் அவர் பயந்து செய்த காரியம் ஆபத்தைக் குறைத்ததா? இல்லை, கூட்டியது. எப்படி என்பதை நாங்கள் வெட்கத்தோடு கூறத்தான் வேண்டும்.

எட்டு நாட்கள் கரையில் உட்கார்ந்தாள் தோழி. உண்மையைச் சொன்னால் எங்களுக்கு அது வசதியாகவே இருந்தது. துண்டு தொலையாது, செருப்பு தொலையாது. ஒன்பதாம் நாள் இடுப்பில் பெட்டி இல்லாமல் வந்தாள். "எங்கேம்மா பெட்டி? குணமாகிவிட்டதா?" என்றார் பயிற்சியாளர். "ஆமாம் சார்" என்றாள். அவர் எங்களைப் பார்த்தார். நாங்கள் ஐந்து பேரும் தலையாட்டினோம். வீட்டிலேயே கழற்றி, தலையணைக்குக் கீழே வைத்துவிட்டு வந்திருந்தாள். அவள் மகிழ்ச்சியைக் கெடுக்கக் கூடாது என்பது அன்று எங்கள் நினைப்பு.

மறுநாளும் அவ்வாறே வந்தாள். இரண்டரை மணிக்குக் கழற்றியவள், பேருந்து ஏறி, நீந்தி, திரும்பும் வேளையில் கோடை மழை பிடித்துக்கொண்டது. பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது தாகம் தாகம் என்று எல்லாருடைய பாட்டில் தண்ணீரையும் வாங்கிக் குடித்தாள். வெயிலில் நீந்திய களைப்பு என்று நினைத்தோம். வீடு சேரும்போது மணி எட்டைத் தாண்டிவிட்டது. அன்றிரவு வாந்தி, சர்க்கரை 400-க்கும் மேல், கீட்டோன். இரண்டு இரவுகள் மருத்துவமனையில் கையில் குளுக்கோஸும் உப்புநீருமாய்க் கிடந்தாள். பார்க்கப் போன எங்களிடம் அவள் அம்மா கேட்டது ஒரே கேள்வி: "உங்கள் ஐந்து பேருக்கும் தெரியுமா?" அதற்கு இன்றுவரை நாங்கள் பதில் சொல்லவில்லை. இந்தக் கட்டுரைதான் பதில்.

உண்மையைச் சொன்னவள் கரையில் அமர்த்தப்பட்டாள். பொய் சொன்னவள் நீரில் இறக்கப்பட்டாள். தடை போடுகிறவர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். நம் நாட்டில் இந்நோயுள்ள பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பம்ப் கிடையாது. நாளுக்கு நான்கு முறை ஊசியே போட்டுக்கொள்கிறார்கள். அவர்கள் இடுப்பில் பெட்டி இல்லை. ஆகவே எந்தக் குளத்திலும் அவர்களை யாரும் தடுப்பதில்லை, யாரும் கவனிப்பதும் இல்லை. அவர்களுக்கும் தண்ணீரில் சர்க்கரை இறங்கத்தான் செய்யும். அப்படியானால் அந்தத் தடை பெட்டிக்குத்தானே, நோய்க்கு அல்லவே?

பெயரைப் போட வேண்டாம் என்று அம்மா சொன்ன காரணமும் இங்கேதான் வருகிறது. "நாளைக்குப் பெண் பார்க்க வருகிறவர்கள் இந்த மலரை எடுத்துக் காட்டினால்?" என்றார்கள். பதினைந்து வயதில் எங்களுக்கு அது சிரிப்பாக வந்தது, அவர்கள் சிரிக்கவில்லை. ஆண் பிள்ளைக்கு இந்நோய் வந்தால் பள்ளியில் சொல்கிறார்கள், பெண் பிள்ளைக்கு வந்தால் அலமாரியில் பூட்டுகிறார்கள் என்று எங்கள் தோழியே ஒருநாள் சொன்னாள். சொல்லாத நோயை ஆசிரியை எப்படி அறிவார்? மயங்கி விழும் பிள்ளையின் வாயில் எதையும் ஊட்டக் கூடாது, நினைவோடு நடுங்கும் பிள்ளைக்கோ உடனே 15 கிராம் சர்க்கரை கொடுத்துவிட்டுப் பதினைந்து நிமிடம் கழித்து அளக்க வேண்டும் என்பதை யாருக்குக் கற்பிப்பது? பெற்றோரே, நீங்கள் ஒளிப்பதற்குக் காரணம் எங்களுக்குப் புரிகிறது. ஆயினும் பள்ளியிடமும் பயிற்சியாளரிடமும் மட்டுமாவது ஒளிக்காதீர்கள்.

பள்ளிகளால் மாற முடியாதா என்ன? தேர்வறைக்குள் தின்பண்டமா என்று கேட்ட காலம் போய், 2017-ஆம் ஆண்டில் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் இந்நோயுள்ள மாணவர் சர்க்கரை மாத்திரை, பழம், தண்ணீர் ஆகியவற்றைப் பொதுத் தேர்வறைக்குக் கொண்டுசெல்ல இசைவளித்தது. வாழைப்பழத்தால் ஒரு தேர்வும் கெட்டுவிடவில்லை.

நீச்சலிலும் சான்று உண்டு. அமெரிக்க வீரர் கேரி ஹால் ஜூனியருக்கு 1999-இல் முதல் வகை நீரிழிவு கண்டுபிடிக்கப்பட்டபோது, இனி நீச்சலை மறந்துவிடு என்றே சொன்னார்களாம். மறு ஆண்டே சிட்னி ஒலிம்பிக்கில் 50 மீட்டர் தடையற்ற பாணி நீச்சலில் அந்தோணி எர்வினோடு சேர்ந்து தங்கம் வென்றார். 2004-இல் ஏதென்சில் அதே போட்டியில் தனியாகவே தங்கம். எங்கள் தோழி ஒலிம்பிக் கேட்கவில்லை. குளத்தின் அந்தப் பக்கம் போக வேண்டும் என்றுதான் கேட்டாள்.

மறைக்கல்வி வகுப்பில் சிஸ்டர் பெத்சதா குளத்தருகே முப்பத்தெட்டு ஆண்டுகள் கிடந்த நோயாளியைப் பற்றிக் கூறினார்கள். அவன் முறையிட்டது தன் நோயைப் பற்றி அல்ல. தன்னைக் குளத்தில் இறக்கிவிட ஓர் ஆள் இல்லையே என்றுதான். அன்று எங்கள் வரிசையில் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

இனி எங்கள் வேண்டுகோள். நம் பள்ளியிலிருந்து மாணவியரைக் குளத்துக்கு அழைத்துச் செல்லும்போது, நோயுள்ள பிள்ளையின் டாக்டரிடமிருந்து ஒரு தாள் எழுதி வாங்கிப் பயிற்சியாளர் கையில் கொடுங்கள். ஒவ்வொரு முறையும் இரண்டு தோழியரை அவளுக்குத் துணையாகக் குறியுங்கள். குளக்கரையில் நிழலான இடத்தில் ஒரு டப்பா இருக்கட்டும். அதில் சர்க்கரைப் பொட்டலங்களும் பிஸ்கட்டும் அளக்கும் கருவியும் போதும். இதற்கு ஆகும் செலவு எங்கள் விளையாட்டு விழாக் கொடிகளின் செலவைவிடக் குறைவு.

செப்டம்பர் விடுமுறையில் அவள் அப்பா அவளை வேறொரு குளத்துக்கு அழைத்துச் சென்றார். அங்கிருந்த பயிற்சியாளர் அம்மா பெட்டியைப் பார்த்துவிட்டு, "எவ்வளவு நேரம் கழற்றி வைக்கலாம்?" என்று கேட்டார்கள். "ஒரு மணி நேரம் மிஸ்." "அப்படியானால் ஐம்பது நிமிடத்தில் உன்னைக் கரையேற்றிவிடுவேன், போய் உடை மாற்று" என்றார்கள். நாங்களும் சனிக்கிழமைதோறும் அங்கேதான் போகிறோம். டப்பாவைப் பார்த்துக்கொள்ள முறை வைத்திருக்கிறோம். தோழி இப்போது குளத்தின் அகலத்தை நிற்காமல் கடக்கிறாள். துண்டுகளைக் காவல் காக்கத்தான் ஆளில்லை. போன வாரம் எங்களுள் இருவருடையது காணாமற் போயிற்று.