குழாய் வாங்குமுன் ஒரு படம்

யாங்கோனின் லான்மடாவ் பகுதியில் பழைய வீடுகள் அகலம் குறைந்து நீளம் கூடியவை. இரு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். காற்றுக்கு முன்வாசலும் பின்சந்தும்தான். அங்கே முன்னறையில் தேக்கு இழைத்தால் தூள் சமையலறைவரை போகும். புதிய இடத்தில் சிறு வீட்டில் தச்சுவேலை தொடங்கும் நமக்கும் இதே கதைதான்.

மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1995 இல் வகைப்படுத்தியது. கூட்டினால் பெருந்தூள் போகும். நுண்தூசு காற்றிலேயே நிற்கும். அது பிறக்கும் இடத்திலேயே உறிஞ்சப்பட வேண்டும்.

ஆகவே முதலில் தாளில் வரைவோம். உறிஞ்சும் இயந்திரத்தைப் பின்சுவரோரம் வைப்போம். கூடுதல் தூள் தள்ளும் இழைப்பு இயந்திரம் அதற்கு மிக அருகில் இருக்கட்டும். பிரதான குழாய் ஒரே சுவரோரம் நேராக ஓடட்டும். கிளைக்குழாயைச் சரிவாக, 45 பாகையில் இணைப்போம். நெளிகுழாய் இழுவையைத் தின்னும், அதைக் குறைப்போம். ஒவ்வொரு கிளைக்கும் ஒரு அடைப்புத் தகடு வைத்து, வேலை நடக்கும் கிளையை மட்டும் திறப்போம்.

பெரிய குழாய்தான் நல்லது என்று எண்ண வேண்டாம். தூள் தேங்காமல் ஓட, காற்று நிமிடத்துக்குச் சுமார் 4000 அடி வேகத்தில் போக வேண்டும். அதற்கு 4 அங்குலக் குழாயில் 350 கன அடி காற்றுப் போதும். 6 அங்குலத்தில் 785 வேண்டும். இயந்திரத்தின் வலுவறிந்தே குழாயைத் தேர்வோம்.

வடிகட்டி மலிவானதென்றால் நுண்தூசு மறுபடி வீட்டுக்குள்ளேதான் வரும். பிள்ளைகள் உறங்குவதும் அதே வீட்டில்தான். செலவைக் குறைப்பதானால் வேறெதிலாவது குறைப்போம்.