மாதம் பணம் கொடுக்கிறோம், இரண்டு நாள் பார்த்துக்கொள்வோமா?

2025 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு 'அன்புக் கரங்கள்' திட்டத்தைத் தொடங்கியது. தாய் தந்தை இருவரையும் இழந்து உறவினர் வீட்டில் வளரும் பிள்ளைகளுக்கு 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் கிடைக்கும். ஒருவரை இழந்து, மற்றவரால் பராமரிக்க முடியாத நிலையில் உள்ள பிள்ளைகளுக்கும் இது உண்டு. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் வளர்ப்புப் பராமரிப்பில் உள்ள பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய். இரண்டும் வரவேற்கத்தக்கவை.

ஆனால் அந்தப் பிள்ளையை வளர்ப்பவருக்கே உடம்பு முடியாமல் போனால் யார் பார்ப்பது? ராஜபாளையத்தில் பஞ்சாலை ஷிஃப்டுக்கும், பக்கத்துச் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெசவுக்கும் போய்க்கொண்டே தங்கை பிள்ளைகளை வளர்க்கும் பெரியம்மாக்கள் இருக்கிறார்கள். மதுரை பெரியாஸ்பத்திரியில் நான்கு நாள் படுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னால், அவர்கள் முதலில் கேட்பது செலவைப் பற்றி அல்ல. "பிள்ளைகளை எங்கே விடுவது?" என்றுதான் கேட்கிறார்கள். சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறார்கள். நோய் முற்றிய பிறகு, "இனி என்னால் முடியாது, விடுதியில் சேர்த்துவிடுங்கள்" என்கிறார்கள். அன்பு இல்லாததால் அல்ல, மூச்சு விட இடைவெளி இல்லாததால்தான் பல வளர்ப்பு வீடுகள் உடைகின்றன.

பிரிட்டனில் வளர்ப்புக் குடும்பத்துக்கு மாதத்தில் ஒரு வார இறுதியோ, அவசரத்துக்குச் சில நாட்களோ ஓய்வு தர, முன்கூட்டியே பரிசோதித்து ஒப்புதல் பெற்ற வேறு குடும்பங்கள் உண்டு. பிள்ளைக்கும் அந்த வீடு பழகிய வீடாக இருக்கும். நம் ஊரில் இதற்கு ஒரு பெயர்கூட இல்லை. ஓய்வுப் பராமரிப்பு என்று வைத்துக்கொள்வோம்.

பெயர்தான் புதிது. மக்காவில் பஞ்சம் வந்தபோது அபூதாலிப் பெரிய குடும்பத்தோடு சிரமப்பட்டார். அனாதையான நபி (ஸல்) அவர்களை வளர்த்த வீடு அது. நபியவர்கள் அப்பாஸ் (ரலி) அவர்களை அழைத்துக்கொண்டு அங்கே சென்றார்கள். அலீ (ரலி) அவர்களைத் தாம் ஏற்றுக்கொள்ள, ஜஅஃபர் (ரலி) அவர்களை அப்பாஸ் (ரலி) ஏற்றுக்கொண்டார். சீரா நூல்களில் நாம் அனைவரும் படித்த செய்திதான். அனாதைக்கு உதவுவதன் சிறப்பை ஜும்ஆவில் அடிக்கடி கேட்கிறோம். அனாதையை வளர்ப்பவரின் பாரத்தைக் குறைப்பது பற்றி எத்தனை முறை கேட்டிருக்கிறோம்?

நம் சமுதாயம் கொடுப்பதில் குறை வைப்பதில்லை. யத்தீம்கானாக்களுக்கு ரமலானில் ஜகாத்தும் அரிசி மூட்டையும் வந்து சேருகின்றன. அவை இல்லாமல் படித்திருக்கவே முடியாத பிள்ளைகள் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் அங்கே இருப்பவர்களில் பலருக்குத் தாயோ பாட்டியோ உயிரோடு இருக்கிறார். அந்தப் பாட்டிக்கு உரிய நேரத்தில் நான்கு நாள் துணை கிடைத்திருந்தால், சிலரேனும் வீட்டிலேயே வளர்ந்திருப்பார்கள்.

சட்டம் இதற்குத் தடையாக இல்லை. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 44ஆவது பிரிவில், குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவின் பேரில் குறுகிய காலத்துக்கும் வளர்ப்புப் பராமரிப்புக்கு இடம் தருகிறது. இது தத்தெடுப்பு அல்ல. பிள்ளையின் தந்தை பெயர் மாறாது என்பதால் வம்சாவளி குறித்த மார்க்கக் கவலைக்கும் இடமில்லை. 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை தன் 20ஆவது பிரிவில் இஸ்லாமியச் சட்டத்தின் 'கஃபாலா'வைப் பெயர் சொல்லியே வளர்ப்புப் பராமரிப்போடு சேர்த்திருக்கிறது. 2024இல் திருத்தப்பட்ட மத்திய அரசின் மாதிரி வழிகாட்டுதல்கள் தனித்து வாழ்பவர்களும் வளர்ப்புப் பெற்றோராகலாம் என்கின்றன. விதவை என்றும் தலாக் ஆனவர் என்றும் நாம் ஒதுக்கி வைத்திருக்கும் எத்தனையோ பெண்களுக்கு இது திறந்த கதவு. (தனித்து வாழும் ஆணிடம் பெண் குழந்தையை ஒப்படைக்க மாட்டார்கள், அது சரியே.)

ஆர்வம் மட்டும் போதாது. குழுவின் உத்தரவால் ஒரு வீட்டில் இருக்கும் பிள்ளையை, குழுவுக்குத் தெரியாமல் இன்னொரு வீட்டில் தங்கவைக்கக் கூடாது. நல்லெண்ணத்தில் செய்தாலும் வம்பில்தான் முடியும். தங்கவைக்க விரும்பும் குடும்பம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் முன்பே விண்ணப்பித்து, வீட்டு ஆய்வுக்கு உட்பட வேண்டும். 'எங்களையே சந்தேகிக்கிறார்களா?' என்று கோபப்பட வேண்டாம். பிள்ளைகளுக்குத் தீங்கு பெரும்பாலும் தெரிந்தவர்களிடமிருந்தே வருகிறது. மஹ்ரம் விஷயத்தையும் முன்பே யோசித்துக்கொள்ளலாம். வயது வந்த பெண்பிள்ளை என்றால் வயது வந்த ஆண்கள் இல்லாத வீட்டைத் தேர்வது சிரமமல்ல. வரும் பிள்ளை வேறு மதத்தைச் சேர்ந்ததாக இருந்தால், அதன் வழிபாடும் உணவுப் பழக்கமும் அப்படியே தொடர வேண்டும். இதில் நாம் கறாராக இருப்பது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் நீதி. வீண்பழியிலிருந்தும் நம்மைக் காக்கும்.

பிள்ளையை அழைத்துச் செல்லாமலே செய்யக்கூடிய உதவிகள் இன்னும் அதிகம். மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. இழப்பீட்டு வழக்குக்கும் வாரிசு வழக்குக்கும் வாய்தா வாய்தாவாக வரும் பாட்டியோடு பேரப்பிள்ளைகளும் பள்ளியை விட்டுவிட்டு வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறார்கள். அன்று ஒரு நாள் பள்ளியில் விட்டு, மாலையில் அழைத்து வந்து, பாட்டி திரும்பும்வரை அவர்கள் வீட்டிலேயே கூட இருக்க ஒருவர் போதும்.

சாத்தூர், சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலை வெடிக்கும்போது ஒரே நாளில் பல வீடுகள் வளர்ப்பு வீடுகளாகிவிடுகின்றன. 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல் இறந்தனர். நிவாரணத் தொகை அறிவிக்கப்படுகிறது, தலைவர்கள் வந்து போகிறார்கள். ஆறு மாதம் கழித்து அந்தச் சித்தப்பா வீட்டுக் கதவை யார் தட்டுகிறார்கள்?

ராஜபாளையத்திலிருந்து விருதுநகருக்கு 50 கிலோமீட்டருக்கு மேல். பாதுகாப்பு அலகுக்குப் போய் வர ஒரு நாள் கூலி போய்விடும். எனவே இரு ஊர் ஜமாஅத்துகளும் சேர்ந்து, ஒரு ஞாயிறன்று அதிகாரிகளை இங்கேயே அழைத்து விளக்கக் கூட்டம் நடத்தக் கேட்கலாம். மஹல்லா பதிவேட்டில் திருமணமும் மையித்தும் எழுதுகிறோம். பிறர் பிள்ளையை வளர்க்கும் வீடுகளையும் அவர்கள் சம்மதத்தோடு குறித்துக்கொள்ளலாம், அது எந்த மத வீடாக இருந்தாலும். இரு ஊர்களுக்கும் இடையே பஸ்ஸில் அரை மணி நேரம்தான். இங்கே ஐந்து, அங்கே ஐந்து எனப் பத்துக் குடும்பங்கள் ஒப்புதல் பெற்றுவிட்டால் தொடங்கிவிடலாம். ஆதரவற்று நிற்கும் குழந்தையைக் கண்டால் மட்டும் கூட்டத்துக்குக் காத்திருக்க வேண்டாம், உடனே 1098.