சரக்கு வண்டி எதற்காக நின்றது?

ஜமுனாமரத்தூரில் மகன் வீட்டு மாடியில் நானும் பேரனுமாக ஒரு மாதிரி ரயில் பாதை அமைத்து வருகிறோம். 1930களின் வாணியம்பாடி நிலையம். அசலில் 87-இல் ஒரு பங்கு. தண்டவாளம், நிலையம், தண்ணீர்த் தொட்டி எல்லாம் முடிந்து ஒரு சாண் இடம் மிச்சம். அங்கே ஒரு சிறு தொழிற்சாலை வேண்டும்.

பேரன் வெளிநாட்டு மரம் அறுக்கும் ஆலை ஒன்றை இணையத்தில் காட்டினான். அழகுதான். நான் தோல் ஷாப்தான் வைக்க வேண்டும் என்றேன். "நாற்றமடிக்கும் தொழிலை எதற்கு மாமா பொம்மையாகச் செய்யணும்?" என்றாள் மருமகள்.

புதுச்சேரியில் நான் பிரெஞ்சு வழியில் படித்தபோது இப்படிப்பட்ட மாதிரியை 'மக்கெத்' என்போம். கோட்டை மக்கெத்தைக் காட்டினால் எங்கள் வரலாற்று வாத்தியார் முதலில் கேட்பது, "உள்ளே இருந்தவர்களுக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது?" என்பதுதான். ரயிலுக்கும் அப்படி ஒரு கேள்வி உண்டு. சரக்கு வண்டி இங்கே எதற்காக நின்றது? அதற்குப் பதில் சொல்லாத ஆலை வெறும் அலங்காரம்.

1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை ஓடிய பாதைதான் பின்னர் வாணியம்பாடி வழியாக நீண்டது. பச்சைத்தோலும் உப்பும் வந்து இறங்கும். பாதி பதனிட்ட தோல் கப்பலேறச் சென்னைக்குப் போகும். பதனிட்டது ஆவாரம் பட்டையும் கடுக்காயும். நமக்கு வயிற்று மருந்தான கடுக்காய் நம் ஜவ்வாது மலைக் காட்டுச் சரக்கு. அதன் துவர்ப்புதான் தோலைக் கெடாமல் காத்தது.

பாலாற்றைக் கெடுத்த தொழிலல்லவா என்பீர்கள். உண்மை. பட்டை முறையும் சுத்தமானதல்ல. 1970களில் பாதி பதனிட்ட தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்தபின் குரோம் முறை பரவியது. கழிவு ஆற்றிலும் கிணற்றிலும் இறங்கியது. 1996-இல் உச்ச நீதிமன்றம் தலையிட வேண்டியதாயிற்று. அதற்காக ஷாப்பையே மறைத்துவிட்டால், ஆறு தானாகக் கெட்டது என்றல்லவா பிள்ளைகள் நினைப்பார்கள்?

ஆகவே வைத்துவிட்டோம். தீக்குச்சியில் கொட்டகை, சுண்ணாம்புக் குழிகள், நிஜ ஆவாரம் பட்டையை இடித்த குவியல். கடையில் கிடைக்கும் பொம்மை மனிதர்கள் கோட்டும் தொப்பியும் போட்டவர்கள். அதனால் 2 செ.மீ. உயரத்தில், வேட்டியை மடித்துக் கட்டிய ஆட்களைக் கம்பியிலும் களிமண்ணிலும் நாங்களே செய்தோம். குழியில் நால்வர், தோல்கட்டு சுமந்து வண்டிக்குப் போகிறவர் ஒருவர், கடுக்காய் மூட்டையோடு மலையிறங்கி வந்தவர்கள் இருவர்.

வர்ணம் பூசும்போது பேரன் கேட்டான்: "தாத்தா, இவர் இவ்வளவு தோல் தூக்கிட்டுப் போறாரே, கால்ல ஏன் செருப்பு இல்லை?"

மரம் அறுக்கும் ஆலையை வைத்திருந்தால் அவன் அதைக் கேட்டிருக்க மாட்டான். பதில் சொல்ல அன்று எனக்கு மாலை முழுவதும் பிடித்தது. மருமகளும் உட்கார்ந்து கேட்டாள்.