வன்னிக்கு யார் போவது?

தாதியப் பயிற்சியை முடித்த பிள்ளைக்கு முதல் நியமனக் கடிதம் வருகிறது. வீட்டிலே மகிழ்ச்சி பொங்கவேண்டிய நாள் அது. ஆனால் கடிதத்தைப் பிரித்ததும் முகங்கள் வாடிவிடுகின்றன. அதிலே குறித்திருக்கும் ஊர் யாழ்ப்பாணம் அன்று, முல்லைத்தீவு.

சென்ற மாதம் வலிகாமத்துக் கமக்காரர் ஒருவர் தம் மகளுடன் நம்மிடம் வந்தார். "ஐயா, பாராளுமன்ற உறுப்பினரிடம் ஒரு சிபார்சுக் கடிதம் வாங்கித் தரவேண்டும். குமர்ப்பிள்ளையைத் தனியே அவ்வளவு தூரம் அனுப்பிவிட்டு நாங்கள் எப்படி நித்திரை கொள்வது?" என்றார். வெங்காயம் விற்ற காசிலே மகளைப் படிப்பித்தவர் அவர். அவருடைய அச்சத்தை நாம் இகழமாட்டோம். ஆயினும் அக்கடிதத்தை வாங்கிக் கொடுக்க நாம் உடன்படவில்லை. ஏன் என்பதைப் பலரறியச் சொல்வது நம் கடமை.

1956இல் தனிச் சிங்கள மசோதா வந்தபோது தந்தை செல்வாவும் தொண்டர்களும் காலிமுகத்திடலிலே சத்தியாக்கிரகம் இருந்தது எதற்காக? தமிழன் தன் குறையைத் தன் மொழியிலே அரசாங்கத்திடம் சொல்லவேண்டும் என்பதற்காக அன்றோ? 1987இல் பதின்மூன்றாவது திருத்தம் தமிழும் அரசகரும மொழி என்றது. 1988இல் பதினாறாவது திருத்தம் வடக்கு, கிழக்கு மாகாணங்களின் நிருவாக மொழி தமிழ் என்றது. உரிமை சட்டப் புத்தகத்திலே ஏறிவிட்டது. ஆனால் சட்டப் புத்தகம் நள்ளிரவிலே நோயாளியின் கட்டிலருகே வந்து நிற்குமா? நிற்கவேண்டியவள் தாதி.

நெஞ்சு அடைக்கிறது என்பதும், நெஞ்சு எரிகிறது என்பதும், நெஞ்சு குத்துகிறது என்பதும் ஒன்றல்ல. வேறு வேறு நோய்களின் குறிகளாக அவை இருக்கக்கூடும். கிழவி ஒருத்தி இரவிலே முனகும் அந்த ஒரு சொல்லின் பொருள் விளங்காவிட்டால், அவளுடைய மொழியுரிமை மட்டுமா போகும்? உயிரே போய்விடலாம்.

நம் பெண்கள் ஒவ்வொருவரும் சிபார்சுடன் குடாநாட்டுக்குத் திரும்பினால், அவர்கள் விட்ட இடத்தைத் தமிழறியாத ஒருத்தியைக் கொண்டு நிரப்ப நேரும். தென்னிலங்கைக் கிராமத்திலே தாயை விட்டு வரும் அப்பெண்மீது நமக்குக் குறையில்லை. ஆனால் அதன் பின்னர் மேடையேறி மொழியுரிமை பேச நமக்கு என்ன முகம் இருக்கும்?

1847இல் அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் கிறீன், மானிப்பாயிலே தமிழில் வைத்தியம் கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அவர் கடல்களைக் கடந்து வந்தார். நம் பிள்ளை கடக்கவேண்டியது ஆனையிறவு மட்டுமே. 2009இல் புதுமாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் கிடைத்த கட்டடங்களை வைத்தியசாலையாக்கிக் காயப்பட்டோரைக் காத்த ஊழியர்களை நாம் ஆண்டுதோறும் போற்றுகிறோம். அந்த மண்ணுக்குச் சமாதான காலத்திலே தாதி அனுப்பத் தயங்குவது என்ன நியாயம்?

"போ" என்று சொல்லிவிட்டு நாம் கைகழுவவும் முடியாது. அவளுக்குப் பூட்டுள்ள, விளக்குள்ள விடுதி வேண்டும். இரவுக் கடமை முடிந்து வருபவளுக்குப் பஸ் வேண்டும். அந்த ஊரார் அவளைத் தம் வீட்டுப் பிள்ளையாகப் பார்க்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தவணை முடிந்த நாளிலே இடமாற்றம் கிடைக்கவேண்டும். சிபார்சுக் கடிதத்தின் கொடுமை இங்கேதான் இருக்கிறது. ஆள்பலம் உள்ள ஒருத்தி தவணைக்கு முன்னே திரும்புகையில், ஆள்பலம் இல்லாத இன்னொருத்தியின் தவணை நீள்கிறது. ஏழை வீட்டுப் பெண் வன்னியிலேயே தங்கிவிடுகிறாள். இது இரக்கமன்று, அநீதி.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின் வைத்தியரும் தாதியரும் பலர் நாட்டைவிட்டுப் போனார்கள். இருப்பவர்களும் நகரத்திலே குவிந்தால் வன்னிக் கமக்காரன் எங்கே போவான்?

இவ்வளவையும் அந்தத் தந்தையிடம் சொன்னோம். அவர் மௌனமாக இருந்தார். மகள்தான் பேசினாள்: "ஐயா, நான் போகிறேன். ஆனால் என் தவணை முடிந்ததும் என் இடத்துக்கு வர ஒருத்தி இருப்பாளா?"

அக்கேள்விக்கு விடை சொல்லவேண்டியவர்கள் சுகாதார அமைச்சிலே மட்டும் இல்லை. அடுத்த நியமனக் கடிதத்தைப் பிரிக்கப்போகும் நம் வீடுகளிலும் இருக்கிறார்கள்.