சாவுக்கு முன்னால் யார் வருகிறார்கள்?

ஊரில் ஒரு சாவு விழுந்தால் முதல் தகவல் சேரிக்குத்தான் வரும். இழவு சொல்லப் போக வேண்டும், பாடை கட்ட வேண்டும், குழி வெட்ட வேண்டும், விடிய விடியப் பறையடிக்க வேண்டும். இதை மறுத்து ஊரைப் பகைத்துக்கொண்ட பறையர், அருந்ததியர் இளைஞர்கள் சேலம், நாமக்கல் பக்கம் எத்தனையோ பேர். அடுத்தவர் சாவுக்கு நம்மை வேலைக்காரராக்கி வைத்த சமூகம், நம் வீட்டுச் சாவுக்கு என்ன செய்கிறது? சுடுகாட்டுப் பாதைக்காகப் போராடுகிறோம். 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், வழி மறுக்கப்பட்டதால் ஒரு தலித் மனிதரின் உடலைப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்களே, அதை நாடே பார்த்தது. ஆனால் சாவதற்கு முந்தைய அந்த ஆறு மாதம், ஒரு வருடம் பற்றி நாமே பேசுவதில்லை.

ஓமலூரைச் சுற்றியுள்ள எந்தக் காலனிக்குள் போனாலும் அப்படி ஒரு வீடு இருக்கும். வாயில் புற்றுநோய், கர்ப்பப்பை வாயில் புற்றுநோய், பக்கவாதம், சிறுநீரகம் செயலிழந்தவர். கடைசியாகப் பார்த்த மருத்துவர், "இனி செய்றதுக்கு ஒண்ணும் இல்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லி அனுப்பியிருப்பார். எந்த வீட்டுக்கு? ஒரே அறை கொண்ட தொகுப்பு வீடு. அதிலேயே சமையல், அதிலேயே பிள்ளைகளின் படிப்பு, அதிலேயே புண் நாற்றமும். பார்த்துக்கொள்வது மருமகளோ மகளோதான். தறி வேலையையும் நூறு நாள் வேலையையும் விட்டுவிட்டு உட்கார்ந்தால் அந்த வாரம் உலை கொதிக்காது. அதனால் காலையில் பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீர் வைத்துவிட்டு வேலைக்குப் போகிறாள். இதைப் பார்த்துவிட்டு "பெத்தவளைக் கவனிக்காத பிள்ளை" என்று பேசுகிறவர்கள் ஒரு நாள் கூலியை எடுத்துக் கொடுத்துவிட்டுப் பேசட்டும்.

நோயைக் குணப்படுத்த முடியாதபோதும் மருத்துவத்துக்கு வேலை இருக்கிறது. செவிலியராகவும் சமூகப் பணியாளராகவும் இருந்து பிறகு மருத்துவரான சிசிலி சாண்டர்ஸ், 1967-ல் லண்டனில் புனித கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸைத் தொடங்கியது இந்த எண்ணத்தில்தான். வலி என்பது உடம்பு நோவு மட்டுமல்ல, மனக்கவலை, பணக்கவலை, பிள்ளைகளைப் பற்றிய பயம் எல்லாம் சேர்ந்தது என்றார் அவர். இந்தியாவின் முதல் ஹாஸ்பிஸ் 1986-ல் மும்பையில் வந்தது. 1993-ல் கோழிக்கோட்டில் மருத்துவர் எம்.ஆர். ராஜகோபாலும் நண்பர்களும் வலி தணிப்புச் சிகிச்சைக்கு ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். பின்னர் மலப்புறம் பகுதியில் அக்கம்பக்கத்தாரே பயிற்சி எடுத்துக்கொண்டு நோயாளி வீட்டுக்குப் போகும் முறை வளர்ந்தது. 2008-ல் கேரள அரசு இதைக் கொள்கையாகவே அறிவித்தது. இருந்தும், உலக அளவில் இந்தச் சிகிச்சை தேவைப்படும் நூறு பேரில் சுமார் 14 பேருக்குத்தான் அது கிடைக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். மீதி 86 பேர் எந்தத் தெருக்களில் கிடப்பார்கள் என்று ஊகிக்கப் பெரிய படிப்பு வேண்டாம்.

புற்றுநோயின் கடும் வலிக்கு மார்ஃபின் மாத்திரை உண்டு. விலை உயர்ந்த மருந்தல்ல. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுத்தால் மனிதர் தூங்குவார், பேரப்பிள்ளையோடு பேசுவார். அதற்கான அபின் மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் அரசு உரிமத்தோடு விளைகிறது, வெளிநாட்டுக்கும் போகிறது. 1985-ன் போதைப்பொருள் சட்டம் மருத்துவமனைகளைப் பயமுறுத்தி வைத்திருந்தது. 2014-ல் அதைத் திருத்தி, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் எளிதாக வாங்கி வைக்கலாம் என்று ஆக்கினார்கள். சட்டம் மாறி இத்தனை ஆண்டாகியும் "பழகிப்போனால் அடிமையாகிவிடுவார்" என்ற பேச்சு மாறவில்லை. இன்னும் மூன்று மாதம் இருப்பாரோ என்னவோ, அவர் எதற்கு அடிமையானால் இவர்களுக்கு என்ன?

மருந்து வந்துவிட்டால் போதுமா? போதாது. இந்தச் சிகிச்சையின் உயிரே தொடுதலில் இருக்கிறது. புண்ணைக் கழுவ வேண்டும், புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், மலஜலம் எடுக்க வேண்டும், பாயில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு பேச வேண்டும். சாதி தடுத்து வைத்திருப்பதும் இதையேதான். அண்ணல் அம்பேத்கர் தன் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' நூலில், 1929-ல் கத்தியவாரில் நடந்த ஒன்றைப் பதிவு செய்கிறார். பிள்ளை பெற்றுக் காய்ச்சலில் கிடந்த ஒரு தலித் ஆசிரியரின் மனைவியைப் பார்க்க வந்த சாதி இந்து மருத்துவர், சேரிக்குள் வர மறுத்தார். அந்தப் பெண்ணை வெளியே கொண்டுவரச் செய்து, தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுத்தார். அவர் கணவரிடம் கொடுத்தார், கணவர் மனைவியிடம் கொடுத்தார். திரும்பவும் அதே வரிசையில் கை மாறி மருத்துவரிடம் போனது. நிமோனியா என்று சொல்லி மருந்து அனுப்பினார். மறுபடி வந்து பார்க்கவில்லை. அந்தப் பெண் இறந்துபோனார்.

இன்று அப்படி யாரும் வெளிப்படையாகச் செய்வதில்லை. வாசலில் நின்றபடியே "மாத்திரை இருக்கா, சாப்பிட்டாங்களா" என்று கேட்டு நோட்டில் குறித்துக்கொண்டு போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் போகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். கேரளத்து அக்கம்பக்க முறையை அப்படியே இங்கே கொண்டுவருவோம் என்கிற நண்பர்கள் இதை யோசிக்க வேண்டும். நம் கிராமத்தில் அக்கம்பக்கம் என்பதே ஊர் என்றும் சேரி என்றும் இரண்டாகக் கிடக்கிறது.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீடு தேடி வரும் வலி தணிப்புச் சிகிச்சையும் சேர்க்கப்பட்டது. நல்ல திட்டம், வரவேற்கிறேன். ஆனால் அதற்கென ஒதுக்கியது வட்டாரத்துக்கு ஒரு செவிலியர். ஒரே ஒருவர் எத்தனை கிராமத்துக்குப் போவார்? போகிற கிராமத்தில் கடைசியாக இருக்கும் காலனிக்கு எப்போது வந்து சேருவார்?

கண்ணியத்தோடு இறப்பது அரசமைப்பின் 21-வது பிரிவு தரும் உரிமை என்று 2018 மார்ச் 9-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. உயிர்காக்கும் கருவிகளை எப்போது எடுக்கலாம் என்ற வழக்கில் வந்த தீர்ப்பு அது. கருவியையே கண்ணால் பார்க்காதவர்களுக்கும் அந்த 21 பொருந்தும். கூடவே தீண்டாமையை ஒழித்த 17-ம் பொருந்தும்.

ஆகவே கேட்போம். மார்ஃபின் மாத்திரை மாவட்டத் தலைநகரோடு நிற்காமல் வட்ட மருத்துவமனையிலும் கிடைக்க வேண்டும். செவிலியர் எண்ணிக்கை கூட வேண்டும். படுத்த படுக்கையானவரைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு, இழந்த கூலிக்கு ஈடாக மாத உதவித்தொகை வேண்டும். நம் தெருப் பெண்களுக்குப் பயிற்சியும் முறையான சம்பளமும் தந்து இந்த வேலையில் எடுக்க வேண்டும். ஆனால் ஒரு எச்சரிக்கை: புண் கழுவுவதும் மலம் எடுப்பதும் அருந்ததியப் பெண்களுக்கு, ஊசி போடுவதும் கையெழுத்துப் போடுவதும் மற்றவர்களுக்கு என்று பிரித்தால் அந்த நாளே எதிர்ப்போம். துப்புரவுப் பணியில் பட்டது போதும்.

அடுத்த கிராமசபைக்குப் போகும்போது உங்கள் காலனியில் படுக்கையில் இருப்பவர்கள் எத்தனை பேர், கடந்த மூன்று மாதத்தில் அவர்கள் வீட்டுக்குள் எந்தச் செவிலியர் எத்தனை முறை வந்தார் என்று எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். அதைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.