எழுதுவதை நிறுத்துங்கள், வாசிப்பதை நிறுத்தாதீர்கள்

‘பழைய ஃபார்மட்டுகளுக்கான ஆதரவு விலக்கப்படுகிறது.’ ரிலீஸ் நோட்டில் ஒரு மூலையில் இப்படி ஒரு வரி வரும். யாரும் நின்று படிப்பதில்லை. பாட்டு கேட்கிற ஆப் அப்படிச் சொன்னால் சரி, போகட்டும். வெர்ஷன் கண்ட்ரோல் மென்பொருள் சொல்லலாமா? யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்று ஞாபகம் வைத்திருப்பதுதானே அதன் பிழைப்பே! ‘உன் பழைய வரலாறு எனக்கு வாசிக்கத் தெரியாது’ என்று அது சொல்வதும், பத்திரப்பதிவு அலுவலகம் தாத்தா காலத்துப் பத்திரத்தைப் பார்த்துக் கைவிரிப்பதும் ஒன்றுதான்.

எந்த ஃபார்மட்டும் நிரந்தரமில்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். சப்வெர்ஷன் 1.0, 2004இல் வந்தபோது தரவையெல்லாம் பெர்க்லி டிபியில் வைத்திருந்தது. ஒரு ப்ராசஸ் பாதியில் செத்தால் மொத்த ரெபாசிட்டரியும் முடங்கிப்போகும். அதே வருடம் எஃப்எஸ்எஃப்எஸ் வந்தது, 2005இல் அதுவே டிஃபால்ட் ஆனது. பெர்க்லி டிபிக்கு ஓய்வு என்று அதிகாரபூர்வமாக அறிவித்தது 2013இல்தான். எட்டு வருடம்! அதைவிட முக்கியம், முழு வரலாற்றையும் பொதுவான ஒரு டம்ப் ஃபைலாக இறக்கி, புதியதில் ஏற்றிக்கொள்ள முதலிலிருந்தே வழி இருந்தது. விடைபெறுவதென்றால் இப்படி விடைபெற வேண்டும்.

கிட்டும் இதில் ஒழுங்காகத்தான் நடந்துகொள்கிறது. ஷா-1 உடையும் என்று 2017இல் செய்தே காட்டிவிட்டார்கள். கிட் 3.0 வரும்போது புதிய ரெபாசிட்டரிகள் ஷா-256க்குப் போகும் என்பது திட்டம். பழையவற்றைக் கைவிடும் திட்டம் இல்லை.

‘பழைய வெர்ஷனை இன்ஸ்டால் பண்ணித் திறந்துக்கோயேன்’ என்பார்கள். எதன் மேல்? பஸார் பைத்தான் 2இல் எழுதப்பட்டது. 2020இல் பைத்தான் 2இன் கதையே முடிந்தது. பஸாரின் வழிவந்த பிரீஸியைச் சிலர் பைத்தான் 3க்குக் கொண்டுவந்திராவிட்டால், அந்த ரெபாசிட்டரிகளைத் திறப்பதற்கே முதலில் ஒரு பழைய கணினியை உயிர்ப்பிக்க வேண்டியிருக்கும். பாமினியில் அடித்த கதையை இன்று திறந்து பார்த்தவர்களுக்கு இந்த வலி புரியும். கன்வெர்ட்டர் எழுதி வைத்த புண்ணியவான்களால்தான் அவை இன்னும் தமிழாக இருக்கின்றன.

பராமரிப்பவர்களில் பலர் சம்பளம் வாங்காதவர்கள், பழைய கோட் பாதுகாப்பு ஓட்டை என்கிற வாதம் நியாயமானது. அதனால்தான் எழுதும் கோடைத் தூக்கி எறியுங்கள் என்கிறேன். வாசிக்கும் கோடை மட்டும் தனியான ஒரு சின்னக் கருவியாகப் பிரித்து வையுங்கள். ஃபார்மட் எப்படி அமைந்தது என்று எழுதி வையுங்கள். சோதித்துப் பார்க்க நாலு மாதிரி ரெபாசிட்டரிகளையும் போட்டு வையுங்கள். இதற்கான காசை, இருபது வருடக் கோடின் மேல் உட்கார்ந்து சம்பாதிக்கும் கம்பெனிகள் கொடுக்கட்டும்.

இந்த மூன்றும் தயாராகாமல் அந்த ஒரு வரியை ரிலீஸ் நோட்டில் எழுத யாருக்கும் உரிமை கிடையாது. ஏனென்றால் அதன் விலையைக் கொடுக்கப்போவது, பத்து வருடம் கழித்து ஒரு ஹார்ட் டிஸ்க்கைத் திறக்கப்போகும் வேறு யாரோ.